டிசம்பரில் புறாத்தீவுக்குப் படகில் செல்லலாமா?

ஹற்றன் வாசகி:
வணக்கம். பாடசாலை விடுமுறையை ஒட்டி, டிசம்பர் கடைசி வாரத்தில் திருகோணமலைக்குச் சென்று கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போய்வர எண்ணியுள்ளோம். படங்களில் வெண்மணலும் தெளிந்த நீருமாகத் தெரியும் அந்தக் கரையில் மாலை வரை பாய் விரித்து இருக்கலாம் என்பது என் கணவரின் திட்டம். எங்களில் எவருக்கும் நீந்தத் தெரியாது. ஒன்பது வயது மகனும், மூட்டுவலியுள்ள 68 வயது அம்மாவும் உடன் வருகிறார்கள். அம்மாவால் படகில் ஏறி இறங்க முடியுமா?

நிலாவெளிவாசி:
வணக்கம் சகோதரி. முதலில் மாதத்தை மாற்றுங்கள். டிசம்பரில் இங்கே வாடைக் காற்றும் வடகீழ்ப் பருவமழையுமாக இருக்கும். கடல் கொந்தளித்து அடிமணல் கலங்கிக் கிடப்பதால், படகு புறப்பட்டாலும் நீருக்குள் எதுவும் தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையை அலைக்கழிக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில்தான் எங்கள் கடல் குளம்போல் அடங்கியிருக்கும் என்பதால், ஆகஸ்ட் விடுமுறையே உங்களுக்கு உகந்தது.

தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில்தான் உள்ளது. இயந்திரப் படகில் பத்துப் பதினைந்து நிமிடங்களில் போய்விடலாம். அம்மாவுக்குச் சிரமம் பயணத்தில் அல்ல, ஏறுவதில்தான். முழங்கால் அளவு நீரில் நின்று, ஓர் அலை போய் மறு அலை வருவதற்குள் படகின் விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட வேண்டும். மூட்டுவலிக்காரரை நான் ஏற்றமாட்டேன். நிலாவெளிக் கரையிலேயே அவருக்கு நிழலும் நல்ல மணலும் உண்டு.

1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடமாதலால், வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு படகுக் கூலிக்குப் புறம்பானது. கூலி பெரும்பாலும் படகுக்கென்றே பேசப்படுவதால், இன்னொரு குடும்பத்துடன் சேர்ந்து சென்றால் செலவு குறையும்.

முருகைக்கல்:
உங்கள் கணவரின் பாய் பற்றி ஒரு சொல். அங்கே காலில் படுவது முழுவதும் மணல் அல்ல. இறந்த முருகைக்கற்களின், அதாவது பவளங்களின், விரல் விரலான துண்டுகள் அலைக்கு அலை சலசலத்துக் கிடக்கின்றன. செருப்பில்லாமல் பத்தடி நடப்பதே பெரும்பாடு. அந்தத் தீவின் அழகு கரையில் இல்லை, இடுப்பளவு நீருக்குக் கீழே இருக்கிறது. 1998இல் கடல் சூடேறித் தென்மேற்குக் கரையோரப் பவளங்கள் வெளிறி மடிந்தபோது, திருகோணமலைப் பக்கத்துப் பவளங்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தன.

நான் முதன்முறை சென்றபோது, நீருக்குள் பார்ப்பதற்காக அணிந்த முகமூடிக்குள் நீர் புகுந்த பதற்றத்தில் கீழே தெரிந்த 'பாறை' மீது ஏறி நின்றுவிட்டேன். அது மான்கொம்புபோல் கிளைத்த உயிருள்ள பவளம். காலடியில் அது முறிந்த சத்தம் நீருக்குள்ளும் கேட்டது. என் முழங்காலில் ஏற்பட்ட கீறல் இரண்டு கிழமையில் ஆறியது, அந்தக் கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகளாகும். ஆகவே நீந்தத் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கியுடன், வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மிதப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பவளத் துண்டு, சிப்பி எதையும் வீட்டுக்கு எடுத்துவர அனுமதியில்லை என்பதை மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஹற்றன் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. பயணத்தை ஆகஸ்டுக்கு மாற்றிவிட்டோம். அம்மா கரையில் இருப்பார். அங்கே சுறா உண்டு என்று மகன் எங்கோ படித்துவிட்டு, பயமும் ஆசையுமாக என்னைத் துளைத்தெடுக்கிறான். உண்மையா?

நிலாவெளிவாசி:
உண்மைதான். செட்டையின் நுனி கறுத்த சிறிய பவளச் சுறாக்கள் ஆழமற்ற நீரிலேயே சுற்றித் திரியும். துரத்தாமல் இருந்தால் அவை தம் வழியே போய்விடும். காலை ஏழு, எட்டு மணிக்கே புறப்படுங்கள். நேரம் போகப் போகக் கூட்டம் சேரும், சுறாக்களும் விலகிவிடும்.