சிறு முற்றத்தில் ஹாம் ரேடியோ: முதலில் எதை வாங்குவது?

சாட்ஸ்வொர்த் மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தபோது, ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் மாமாவுக்கு நாங்கள் நலமாக இருக்கிறோம் என்ற ஒரு சொல்லைக்கூடச் சொல்ல முடியவில்லை. அவர் உரிமம் பெற்ற ஹாம், அதாவது சொந்தக் கருவியில் வானொலி அலைவழிப் பேசும் பொழுதுபோக்காளர் என்பதால், அன்றே நானும் இதைக் கற்க முடிவுசெய்தேன். இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மலிவாகக் கிடைக்கும் பாஃபெங் கைக்கருவி (வாக்கி-டாக்கி) ஒன்றை வாங்கினால் அவரோடு பேச முடியுமா? எங்கள் பின்முற்றத்தின் நீளம் 14 மீட்டர். நடுவில் ஒரு மாமரம் நிற்கிறது.

மெர்பேங்க் மின்பணியாளர்:
தம்பி, கைக்கருவி வேலை செய்யும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை, பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் தொலைவோடு நின்றுவிடும். குறிகையை வாங்கி மறு ஒலிபரப்புச் செய்யும் ரிப்பீட்டர் வழியாக ஊருக்குள் பேச அது நன்று. ஆனால் லெனேசியா ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்குப் பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40 மீட்டர் பட்டைதான் பொருத்தம்.

கருவிக்குக் காசு சேர்ப்பதற்கு முன்பே ஆன்டெனாவை முடிவுசெய்துவிடுங்கள். 143ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவெண்ணால் வகுத்தால், டைபோலின், அதாவது நடுவில் கேபிள் இணைத்த இரு கைக் கம்பி ஆன்டெனாவின், மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும், 7.1க்கு அது சுமார் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. மாமரத்தில் 7 மீட்டர் உயரத்தில் நடுப்பகுதியைக் கட்டி, இரு கைகளையும் சுவரோரம் நட்ட மூங்கில்களுக்குச் சாய்வாக இழுத்து, ஒவ்வொன்றிலும் எஞ்சும் சுமார் இரண்டரை மீட்டரைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். நுனிகளில் மின்னழுத்தம் மிகுதி என்பதால் அவை யார் கைக்கும் எட்டக்கூடாது. முதலில் பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் கூடுதலாகவே வெட்டிக்கொண்டு, ஆன்டெனாவிலிருந்து திரும்பிவரும் ஆற்றலைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் குறையுங்கள்; கத்தரித்த கம்பி மறுபடி வளராது.

கேபிள் இணைப்பை வானிலை தாங்கும் நாடாவால் மூட மறந்த என் முதல் ஆன்டெனாவை, ஆறு மாதம் கழித்து இறக்கிப் பார்த்தபோது, உள்ளே செம்பு முழுவதும் பச்சைப் பொடியாகியிருந்தது. நம் கடற்காற்றின் உப்பு அப்படிப்பட்டது.

டோங்காட் தாத்தா:
உயரம் போதாதே என்று கவலைப்பட வேண்டாம். டைபோலைப் பத்து மீட்டருக்கு மேல் ஏற்றியே ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் வெளிநாட்டுத் தொடர்பை எண்ணிச் சொல்கிறார்கள். தாழ்வாகக் கட்டிய டைபோல் அலையைச் செங்குத்தாக மேலே அனுப்ப, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலம் அதைத் திருப்பிச் சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இறக்கிவிடும். உங்கள் மாமா இருப்பது அந்த வட்டத்தின் விளிம்பில்தான். இரவில் அருகிலுள்ள நிலையங்கள் மங்கினால் 80 மீட்டர் பட்டைக்கு மாற வேண்டியிருக்கும்.

முறைகளில் குரலிலிருந்து தொடங்குங்கள். 40 மீட்டரில் குரலுக்குக் கருவியில் எல்.எஸ்.பி. எனும் கீழ்ப்பக்கப் பட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல்பக்கத்தில் வைத்துக்கொண்டு வாத்து கத்துகிறதே என்று குழம்பாத புதியவரை நான் கண்டதில்லை. 7.074 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், கணினிவழிக் குறிகை முறையான எஃப்.டி.8 மட்டும் அங்கேயும் மேல்பக்கப் பட்டையையே கேட்கும். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் அளித்த அந்த முறை, 15 நொடித் துணுக்குகளில், காதுக்கே எட்டாத குறிகையையும் பிரித்தெடுக்கும். கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகினால் ஒன்றும் விளங்காது. ஆனால் அதில் அழைப்புக் குறி, குறிகை அளவு போன்ற சிறு தகவல்கள்தான் கைமாறுமே தவிர, மாமாவிடம் நலம் விசாரிக்க முடியாது.

தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசாவின் உரிமமும் அழைப்புக் குறியும் கைக்கு வரும்வரை ஒலிபரப்பக்கூடாது. அதுவரை நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக வெப்எஸ்டிஆரை, அதாவது உலாவியிலேயே கேட்கக்கூடிய வானொலி ஏற்பியை, இணையத்தில் திறந்து, பிறர் எப்படி அழைத்துப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பழகலாம்.

சாட்ஸ்வொர்த் மாணவன்:
மிக்க நன்றி ஐயா, அண்ணா. மின்வெட்டுக்காக வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறோம். அதனால் இடையூறு வருமா?

மெர்பேங்க் மின்பணியாளர்:
பெரும்பாலும் வரும். கருவியை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு, இன்வெர்ட்டரையும் வீட்டின் மெயின் சுவிட்சையும் அணைத்துக் கேளுங்கள்; இரைச்சல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்தான். ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு எது என்று கண்டுபிடித்த பின், அதன் மின்வடத்தை, இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றிப் பாருங்கள். 100 வாட் கருவி ஒலிபரப்பும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும் என்பதால், பேட்டரிக்குத் தடித்த கம்பியையும், பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸையும் போட்டுவிடுங்கள்.