நியூ ஜெர்சியில் சின்னக் கடை வேலை: காய்ச்சல் நாளுக்குச் சம்பளம் உண்டா?

எடிசன் பக்கம் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடையிலோ உணவகத்திலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. நான்கு பேர் மட்டும் வேலை பார்க்கும் கடையிலும் உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் தர வேண்டுமா? தர வேண்டும். ஒரே ஒரு ஆள் வைத்திருந்தாலும் தர வேண்டும். முதலில் கூலிக்கு நின்றவள், பிறகு கூலி கொடுப்பவளானவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

2019 டிசம்பரில் ஒரு மளிகைக் கடையில் காய்கறி எடை போடும் வேலை எனக்கு. சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை 102 டிகிரி காய்ச்சல். முதலாளிக்குப் போன் செய்தால், "உனக்குப் பதில் ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு லீவு எடுத்துக்கொள் அம்மா" என்றார். மூன்று பேரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் சிக்கவில்லை. இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போய், சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் நிறுத்துப் போட்டுக்கொண்டு எல்லோர் முகத்திலும் இருமினேன். சம்பளத்துடன் நோய் விடுப்பு தரச் சொல்லும் மாநிலத்தின் சட்டம் 2018 அக்டோபர் 29 முதலே நடப்பில் இருந்தது. பதில் ஆளைத் தேடித் தரச் சொல்லவே கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. எனக்கும் தெரியாது; அவருக்கும் தெரிந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.

கணக்கு எளிது. 30 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர விடுப்பு உங்கள் பெயரில் சேரும். ஆண்டுக்கு 40 மணி நேரம் வரை. முழு நேரம், பகுதி நேரம், தற்காலிகம் என்ற பேதம் இல்லை. சேர்ந்த முதல் நாளிலிருந்தே சேரத் தொடங்கும். எடுப்பதற்கு மட்டும் 120 நாட்கள் காத்திருக்கச் சொல்லலாம். வாரம் 30 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு அந்த 120ஆம் நாளில் ஏறக்குறைய 17 மணி நேரம் கையில் இருக்கும். அந்த மணிகளுக்கு வழக்கமான சம்பளமே வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது.

தனக்கு உடம்பு முடியாத நாளுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரை டாக்டரிடம் கூட்டிப் போவது, மன உளைச்சலுக்குச் சிகிச்சை எல்லாம் இதில் அடங்கும். பள்ளியில் ஆசிரியர் பெற்றோரைச் சந்திக்கக் கூப்பிட்டால் அதற்கும் எடுக்கலாம். நம்மவர்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காய்ச்சல் என்று சொன்னால், முதலாளி நடவடிக்கை எடுக்கச் சட்டமே இடம் தருகிறது.

டாக்டர் சீட்டு? தொடர்ந்து மூன்று வேலை நாட்களோ அதற்கு மேலோ வராவிட்டால் கேட்கலாம். ஒரு நாள் தலைவலிக்குச் சீட்டு கேட்பது, சில குறிப்பிட்ட நாட்களைத் தவிர, தப்பு. அந்தச் சில நாட்கள் எவை என்று கேட்பீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் போலக் கூட்டம் அள்ளும் நாட்களை முதலாளி முன்கூட்டியே அறிவித்து, அன்றைக்கு ஏற்கெனவே தெரிந்த மருத்துவ வேலைகளை வைத்துக்கொள்ள வேண்டாம் எனலாம். அந்த நாளில் திடீரென்று முடியாமல் போனால் ஒரு நாளுக்கும் சீட்டு கேட்கலாம். முன்பே தெரிந்த விடுப்புக்கு ஏழு நாள் வரை முன்னறிவிப்பும் கேட்கலாம்.

இனி முதலாளிகள் பக்கம். 2022இல் எடிசனில் சின்னதாக ஒரு டிபன் கிச்சன் தொடங்கினேன். வேலைக்கு நான்கு பேர். ஆறு பேருக்குக் குறைவான இடங்களுக்குக் குறைந்தபட்சக் கூலியே தனி: 2025இல் மற்றவர்களுக்கு 15.49 டாலர், நமக்கு 14.53. அதைப் பார்த்துவிட்டு, விடுப்பிலும் நமக்குச் சலுகை இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். கணக்குப் பார்ப்பவர் ஒரு நாள் வந்து, "யார் எத்தனை மணி வேலை, எத்தனை மணி விடுப்பு, எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்றார். ஃபிரிட்ஜ் பக்கத்தில் தொங்கிய முருகன் காலண்டரைக் காட்டினேன். அதில் தேதிக்கு மேல் பேனாவால் போட்ட டிக் அடையாளங்கள், பாதியில் சாம்பார் தெறித்த கறை. அவர் சிரிக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவு வைத்திருக்க வேண்டும். இல்லாத நிலையில் புகார் வந்தால், நீங்கள் விடுப்பு தரவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள், தந்தேன் என்று நிரூபிப்பது உங்கள் பாடு என்றார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 16 டாலர், 40 மணி, ஒரு ஆளுக்கு 640. நான்கு பேரும் முழுதாக எடுத்தாலும் ஆண்டுக்கு 2,560. பதிலுக்கு வரும் ஆளின் கூலி தனி. சின்னக் கிச்சனுக்கு இது வலிக்காத தொகை என்று சொல்ல மாட்டேன். இதைச் சாப்பாட்டு விலையில் ஏற்றித்தான் ஈடுகட்ட முடியும். நான் இட்லி செட்டில் ஏற்றினேன். 30 மணிக்கு ஒன்று என்று கணக்குப் போடச் சலிப்பாக இருந்தால், ஆண்டின் முதல் நாளிலேயே 40 மணி நேரத்தை மொத்தமாகக் கொடுத்துவிடலாம். எனக்கு அதுதான் நிம்மதியாக இருக்கிறது. வேலைக்குச் சேர்க்கும்போதே மாநிலத் தொழிலாளர் துறையின் அறிவிப்புத் தாளைக் கையில் கொடுங்கள், சுவரிலும் ஒட்டுங்கள்.

பலர் என்னிடம் கேட்கும் சில கேள்விகள்:

"கையில் ரொக்கமாகத்தான் சம்பளம், எனக்கு உண்டா?" உண்டு. சம்பளம் எப்படி வருகிறது என்பதைப் பார்த்து உரிமை மாறாது. வேலை நேரத்தை உங்கள் செல்போனில் நாள்தோறும் குறித்து வையுங்கள். "ஒப்பந்தக்காரர் என்று எழுதி வாங்கிவிட்டார்கள்" என்பவருக்கு: எழுதி வாங்கியதால் மட்டும் ஒப்பந்தக்காரர் ஆகிவிட முடியாது. முதலாளி சொன்ன நேரத்துக்கு வந்து, அவர் அடுப்பில் அவர் சொன்னதைச் சமைத்தால், தொழிலாளர் துறை உங்களை ஊழியராகப் பார்க்கவே வாய்ப்பு அதிகம். குடியேற்ற நிலை என்னவென்றாலும் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்த 90 நாட்களுக்குள் வேலையை விட்டு எடுத்தால், பழிவாங்கலாகவே முதலில் கருதுவார்கள்.

"மீதி மணிகளைப் பணமாக வாங்கலாமா?" வேலையை விடும்போது கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆண்டு முடிவில் 40 மணி வரை அடுத்த ஆண்டுக்குப் போகும். அதே கடைக்கு ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தால் பழைய மணிகளும் திரும்பி வரும்.

"அறுவை சிகிச்சை, ஒரு மாதம் படுக்கை" என்பவருக்கு: 40 மணி நேரம் அதற்குப் போதாது. மாநிலத்தின் தற்காலிக இயலாமைக் காப்பீடு இருக்கிறது. சம்பளச் சீட்டில் அதற்காகப் பிடித்திருப்பார்கள், பாருங்கள். வாரச் சம்பளத்தில் 85 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். ஊரில் இ.எஸ்.ஐ.யில் நோய் உதவித்தொகை வாங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு பழகியதுதான்.

ஆற்றைத் தாண்டி நியூ யார்க்கில் வேலை என்றால் இதில் பாதி பொருந்தாது. அங்கே நான்கு பேருக்கு மேல் இல்லாத, நிகர வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டாத கடைகள் 40 மணி விடுப்பு தர வேண்டும், ஆனால் சம்பளம் இல்லாமல் தரலாம். சம்பளத்துடன் நோய் விடுப்புக்கு நாடு முழுவதற்கும் என்று ஒரு மத்தியச் சட்டம் கிடையாது. ஆகவே கலிபோர்னியாவில் இருக்கும் மச்சான் சொன்னதை வைத்து இங்கே சண்டைக்குப் போகாதீர்கள்.

போன வாரம் காலை ஐந்தரைக்கு எங்கள் தோசை மாஸ்டரிடமிருந்து செய்தி: "அக்கா, குழந்தைக்கு வாந்தி, இன்று வர முடியாது." நோட்டில் எட்டு மணி நேரம் என்று எழுதிவிட்டு, மாவுக் கரண்டியை நானே எடுத்தேன். அன்றைக்கு வந்த தோசைகளின் வடிவத்தைப் பற்றி வாடிக்கையாளர்கள் இன்னும் பேசுகிறார்கள்.