பயோசிந்தடிக் பாத்வே: ‘ஆக்கவழி’ எனலாமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

> ‘உயிர்த்தொகுப்புப் பாதை’ புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இப்படிக் கேட்டிருந்தீர்கள். ஓர் உயிர் தனக்குள் ஒரு வேதிப்பொருளைப் படிப்படியாகச் செய்யும் வழிதான் பயோசிந்தடிக் பாத்வே, அதைத்தான் உயிர்த்தொகுப்புப் பாதை என்கிறோம். நித்தியகல்யாணிச் செடி பற்றி எழுதும்போதுதான் இந்தச் சொல்லில் முட்டிக்கொண்டேன். ‘இந்த உயிர்த்தொகுப்புப் பாதைக்கான மரபணுத் தொகுப்பு’ என்று ஒரு வரி. முதல் தொகுப்புக்குச் செய்தல் என்று பொருள், அடுத்ததற்குத் திரட்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரண்டையுமே திரட்டு என்றுதான் படித்தாள்.

செடி திரட்டவில்லை, ஆக்குகிறது. ‘சோறு ஆக்கியாச்சா?’ என்று கேட்கிறோமே, அந்த ஆக்கம்தான். டிரிப்டமைன், செக்கோலோகனின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் சேர்ந்து ஸ்ட்ரிக்டோசிடின் ஆகிறது. அது படிப்படியாக உருமாறி ஒரு பக்கம் கதரந்தின், இன்னொரு பக்கம் விண்டோலின் என்று வந்து நிற்கிறது. கடைசியில் அந்த இரண்டும் இணைந்தால்தான் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின் கிடைக்கும். மொத்தம் ஏறத்தாழ 30 படிகள். அதுவும் ஒரே அடுப்பில் நடப்பதில்லை. முதல் படிகள் இலை நரம்பை ஒட்டிய செல்களில், நடுப்படிகள் இலையின் மேல்தோலில், விண்டோலினின் கடைசிப் படிகள் உள்ளே ஆங்காங்கே கிடக்கும் தனிவகைச் செல்களில். இவ்வளவு பாடுபட்டும் 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும்.

இதை ஆய்வாளர்கள் பிரித்தறிந்த விதமும் ‘ஆக்கம்’ என்ற சொல்லோடு பொருந்திப்போகிறது. ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்துகிறது, அந்த நொதியைச் செய்ய ஒரு மரபணு இருக்கிறது. வலுக்குறைத்த வைரஸ் ஒன்றைக் கொண்டு அப்படி ஒரே ஒரு மரபணுவை அடக்குவார்கள். பந்திச் சமையலில் தாளிப்பவர் வராவிட்டால் தாளிக்காத குழம்பு அண்டாவிலேயே நிற்குமல்லவா? அதுபோல அந்த நொதி இல்லாத இலையில் அதற்கு முந்தைய பொருள் தேங்கி நிற்கும். எது தேங்கியது என்று பார்த்தால் அந்த நொதி எந்தப் படியில் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தது 1958-இல், கனடாவில், நோபிள், பீர் என்ற ஆய்வாளர்கள். இந்த வழியில் அதுவரை தெரியாமல் விடுபட்டிருந்த நொதிகளை இங்கிலாந்தில் நார்விச்சின் ஜான் இன்னிஸ் ஆய்வு மையத்தில் சாரா ஓ’கானர் குழு கண்டுபிடித்து வெளியிட்டது 2018-இல்தான். இடையில் 60 ஆண்டுகள்! மருந்தைக் கண்டவர்களை நாம் போற்றுகிறோம். அதைச் செடி ஆக்கும் வழியைக் கண்டவர்களுக்கும் தமிழில் ஒரு நல்ல சொல்லாவது வேண்டும்.

‘ஆக்கவழி’ என்று முன்வைக்கிறேன். ஆக்கவழி நொதி, ஆக்கவழி மரபணு என்று ஒட்டவும் எளிது. ஆய்வகத்தில் செய்வது வேதியாக்கம், உயிருக்குள் நடப்பது உயிராக்கம்.

அன்புடன்.

---

தம்பி,

ஆக்கவழி எனக்குப் பிடித்திருக்கிறது. உயிராக்கம் வேண்டாம். உயிரை ஆக்குவது என்றுதான் நான் முதலில் வாசித்தேன், மற்றவர்களும் அப்படித்தான் வாசிப்பார்கள். இன்னொன்று: இலங்கையில் நாங்கள் பள்ளியில் படித்தது ஒளித்தொகுப்பு. அதைத் திரட்டு என்று ஒருவரும் மயங்கியதில்லை. தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை என்கிறீர்கள், அங்கே ‘சேர்க்கை’ என்றால் கல்லூரிச் சேர்க்கையும்தானே? மயக்கம் எல்லாச் சொல்லிலும் உண்டு, இடம் பார்த்துத் தெளிய வேண்டும். ஆகவே கலைச்சொல் பட்டியலில் ஆக்கவழிக்குப் பக்கத்தில் தொகுப்புப் பாதையையும் வையுங்கள்.

அதோடு, 2022-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜே கீஸ்லிங்கின் குழு இதே படிகளை ஈஸ்ட்டில் ஏற்றி விண்டோலினும் கதரந்தினும் ஆக்கிக் காட்டியதே? இரண்டையும் இணைக்கும் வேலையை மட்டும் வேதிமுறையில் செய்தார்கள். செடிக்கு வெளியேயும் உங்கள் சொல் நிற்குமா?

---

ஐயா,

உயிராக்கத்தை விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னபிறகு எனக்கும் அப்படித்தான் படிகிறது. ஒளித்தொகுப்பு நான் யோசிக்காத கோணம், இரண்டு சொல்லையும் பட்டியலில் சேர்க்கிறேன்.

ஈஸ்ட்டுக்கும் நிற்கும் என்றே நினைக்கிறேன். ‘நித்தியகல்யாணியின் ஆக்கவழியை ஈஸ்ட்டில் ஏற்றினார்கள்’ என்று எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. பழைய வரியையும் ‘வின்பிளாஸ்டின் ஆக்கவழிக்கான மரபணுக்கள்’ என்று திருத்தி மகளிடம் கொடுத்தேன். இந்த முறை விளக்கம் கேட்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.