நார் போட்டா கம்பியைக் குறைக்கலாமா?

குமார் அண்ணன்: நாளன்னைக்கு மாடித் தளம் காங்கிரீட். கலவையில ஃபைபர் போட்டா கம்பி இடைவெளியைக் கூட்டிக்கலாம், வலு குறையாதுன்னு மேஸ்திரி சொல்றார். தாமரை, நீ லேப்ல இதைத்தானே பார்க்கிற? சொல்லும்மா.

தாமரை: அண்ணா, கம்பியில கை வைக்க விடாதீங்க. அந்த ஃபைபர் பாக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துட்டு எழுதுறேன்.

குமார் அண்ணன்: 📷 வெள்ளையா முடி மாதிரி இருக்கு. 12 மி.மீ. நீளம்னு போட்டிருக்கு.

பெரியப்பா: மண் சுவத்துக்கு வைக்கோல் மிதிச்சுச் சேர்ப்பாங்களே, அந்த மாதிரியா?

தாமரை: அதேதான் பெரியப்பா. வைக்கோல் மண்ணைக் கெட்டியாக்காது. காயும்போது பிளந்துக்காம பிடிச்சுக்கும்.

தாமரை: அண்ணா, இது பாலிப்ரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக் நார். ஒரு கன மீட்டருக்கு 900 கிராம் அளவுலதான் போடுவாங்க. ஊத்தின முதல் சில மணி நேரம்தான் இதுக்கு வேலை. காங்கிரீட் பச்சையா இருக்கறப்ப வெயில்லயும் காத்துலயும் மேல்தண்ணி சட்டுனு காஞ்சா, முகம் சுருங்கி முடி முடியா வெடிப்பு விடும். அதைக் குறைக்கும். இறுகினப்புறம் பாரம் தாங்குறது கம்பிதான்.

மீனா அக்கா: அப்ப ஸ்டீல் ஃபைபர் போட்டா?

தாமரை: அது வேற ஜாதி அக்கா. 30லிருந்து 60 மி.மீ. நீளம், ரெண்டு முனையும் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். தொழிற்சாலைத் தரைக்கு கன மீட்டருக்கு 20லிருந்து 40 கிலோ வரை சேர்ப்பாங்க. ஆனா அந்த அளவுல கியூப் டெஸ்ட்ல, அதாவது காங்கிரீட் கட்டியை நசுக்கி வலு பார்க்கிற சோதனையில, பெருசா வித்தியாசம் தெரியாது. இதோட அருமை வெடிப்பு விட்டப்புறம்தான் தெரியும்.

தாமரை: லேப்ல 150 மி.மீ. சதுர உத்தரத்துக்கு நடுவுல ஒரு வெட்டு போட்டு வளைப்போம். வெறும் காங்கிரீட்னா டப்புனு ரெண்டா விழுந்துடும். நார் போட்டது வெடிக்கும், ஆனா விழாது. வெடிப்பு 0.5 மி.மீ., 1.5, 2.5, 3.5னு விரியற ஒவ்வொரு கட்டத்துலயும் எவ்வளவு பாரம் தாங்குதுன்னு குறிப்போம். அப்புறம் பிரிச்சுப் பார்த்தா, கொக்கி நிமிர்ந்து நார் உருவிட்டு வந்திருக்கும். அறுந்து போகாம உருவணும், அதுதான் நல்ல நார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

பெரியப்பா: இரும்புதானேம்மா, துருப்பிடிக்காதா?

தாமரை: மேல்பரப்புல நீட்டிக்கிட்டு இருக்கிறது துருப்பிடிச்சு பழுப்புப் புள்ளி விழும் பெரியப்பா. உள்ள இருக்கிறது தனித்தனித் துண்டு, அதனால துரு ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு ஓடாது. கம்பி துருப்பிடிச்சா பல மடங்கு ஊதி காங்கிரீட்டையே பெயர்த்துடும். மெல்லிசா இருக்கிற நாருக்கு அந்த பலம் கிடையாது. ஆனா வெடிப்பு அகலமா இருந்து உப்புத் தண்ணி இறங்கினா, குறுக்க நிக்கிற நாரும் போயிடும்.

தாமரை: நீண்ட ஆயுளுக்கு வெடிப்போட அகலம்தான் கணக்கு. அகலம் பாதியானா உள்ள போற தண்ணி கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்காயிடும். ஒரே பெரிய வெடிப்பா விடாம பல சின்ன வெடிப்பா பிரிச்சு விடுறதுலதான் நார் உதவுது.

மீனா அக்கா: அப்ப ஸ்டீல் ஃபைபர் போட்டுட்டு கம்பியைக் குறைக்கலாம்ல?

தாமரை: மாடித் தளத்துக்கு வேண்டாம் அக்கா. தரையில போட்டா கீழ மண்ணு தாங்குது. மாடி அந்தரத்துல நிக்குது, அடிப்பக்கம் முழுக்க இழுவிசை. கம்பி அந்த இழுவைக்கு நேரா ஓடி உத்தரத்துக்குள்ள போய்ப் பிடிக்கும். நார் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்குமோ, நம்ம கையில இல்ல.

குமார் அண்ணன்: சரிம்மா. ஃபைபர் போட்டா கலவை இறுகுது, தண்ணி கூட ஊத்தணும்கிறாரே?

தாமரை: ஐயோ, அதை மட்டும் விடவே விடாதீங்க! தண்ணி ஏறினா வலுவும் போச்சு, ஆயுளும் போச்சு. தண்ணி கூட்டாமலே கலவையை இளக்குற மருந்து இருக்கு, பிளாஸ்டிசைசர்னு, அதைப் போடச் சொல்லுங்க. நாரை மொத்தமா கொட்டாம, மிக்சர் ஓட ஓட தூவணும். இல்லன்னா உருண்டை உருண்டையா திரண்டுக்கும்.

குமார் அண்ணன்: பேசிட்டேன். கம்பி வரைபடத்துல இருக்கிறபடியே. நாரும் போடுறோம், வெடிப்புக்காக மட்டும்.

தாமரை: நல்லது அண்ணா. நார் இருக்குன்னு தண்ணி கட்டுறதைக் குறைச்சுடாதீங்க. ஊத்துறதுக்கு முன்னாடி கம்பிக்கு அடியில கவர் பிளாக் (கம்பியைப் பலகையில படாம தூக்கி நிறுத்துற சின்னக் கட்டை) வச்ச போட்டோ எனக்கு அனுப்புங்க, கிட்டக்க எடுத்து.