காட்டுத்தீ எரியும்போது காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசலாமா?

சிட்னிவாசி:
2019–20 கோடையில் ஆஸ்திரேலியாவைச் சூறையாடிய காட்டுத்தீயைப் பற்றி எங்கள் நண்பர் வட்டத்தில் இன்றும் வாக்குவாதம் ஓயவில்லை. 183 பேர் தீ வைத்தார்கள், தீப்பருவத்துக்கு முன்பே காய்ந்த சருகு, புதர்களைத் திட்டமிட்டு எரித்துவிடும் முன்னெரிப்பைப் பசுமைக் கட்சியினர் தடுத்தார்கள், காலநிலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். வீடிழந்தவர்கள் தவித்து நிற்கும்போது அரசியல் பேசுவது பண்பல்ல என்கிறார் மற்றொருவர். அன்றைய பிரதமர் ஸ்காட் மோரிசன் தரப்பும் ஏறத்தாழ இதையே சொன்னது. இவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மருதம்:
183 என்ற எண் பொய்யன்று, அதற்குக் கற்பிக்கப்பட்ட பொருள்தான் பொய். சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் காவல்துறை 2020 ஜனவரியில் வெளியிட்ட கணக்கின்படி, தீ தொடர்பாகச் சட்ட நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் 183 பேர். அவர்களுள் வேண்டுமென்றே தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 24 பேர் மட்டுமே. நெருப்பு மூட்டத் தடை விதிக்கப்பட்ட நாளில் அதை மூட்டியவர்களும், எரியும் சிகரெட்டை வீசியவர்களும்கூட அந்த 183-இல் அடக்கம். 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்த காஸ்பர்ஸ் மவுண்டன் தீயை மூட்டியது மின்னல். பொறி எங்கிருந்து வந்தாலும், அதைப் பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காடு ஏன் காய்ந்து கிடந்தது என்று முதல் நண்பரிடம் கேளுங்கள். ஆஸ்திரேலியப் பதிவுகளிலேயே மிக வெப்பமானதும் மிக வறண்டதுமான ஆண்டு 2019. இந்தியப் பெருங்கடலின் இருமுனை அலைவும் (அதன் மேற்கு, கிழக்குப் பகுதிகளின் வெப்பநிலை மாறி மாறி ஏறியிறங்கும் இயற்கை நிகழ்வு) அவ்வறட்சிக்கு ஒரு காரணம் என்பதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்து மாட்டிக்கொண்டால் மற்ற உண்மைகளையும் அவர் நம்பமாட்டார்.

வேங்கைமரம்:
முன்னெரிப்பைப் பற்றி ஒன்று. அம்மாநிலத்தில் 2011 முதல் ஆட்சியிலிருந்தது லிபரல்–நேஷனல் கூட்டணியேயன்றிப் பசுமைக் கட்சியன்று. முன்னெரிப்பு பயனுள்ளதுதான், ஆனால் சர்வரோக நிவாரணியன்று என்று கிராமப்புறத் தீயணைப்புத் துறையின் அப்போதைய ஆணையர் ஷேன் ஃபிட்ஸ்சிம்மன்ஸே கூறினார். ஈரமும் காற்றும் சரியாக அமைந்த நாள்களில்தான் பாதுகாப்பாக எரிக்க முடியும். தீப்பருவம் நீள நீள அத்தகைய நாள்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

மருதம்:
வேங்கைமரம் சொல்வது சரி. அந்த வாதமே சுற்றி வந்து காலநிலையில்தான் முடிகிறது.

கயல்விழி:
இரண்டாவது நண்பரின் அக்கறையை நான் மதிக்கிறேன், வாதத்தை ஏற்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையின் முன்னாள் ஆணையர் கிரெக் மல்லின்ஸ் உள்ளிட்ட 23 முன்னாள் தீயணைப்பு, அவசரகாலச் சேவைத் தலைவர்கள் 2019 ஏப்ரலிலேயே, அதாவது அந்தக் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே, வரவிருக்கும் ஆபத்தை எச்சரித்துப் பிரதமரைச் சந்திக்க அனுமதி கோரினார்கள். அந்தச் சந்திப்பு நடக்கவில்லை. தீ வருமுன் பேசியவர்களைச் சந்திக்க நேரமில்லை, தீ எரியும்போது பேசினால் பண்பில்லை என்றால், பேசுவதற்கு உகந்த நேரம் எது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்கள் மௌனத்தையே விரும்பினார்கள் என்பதும் சரியன்று. காட்டுத்தீயில் தப்பியவர்கள் சேர்ந்து அமைத்த சங்கம் ஒன்று மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையத்தின்மீது வழக்குத் தொடுத்தது. காலநிலை மாற்றத்திலிருந்து சுற்றுச்சூழலைக் காக்கும் கொள்கைகளை வகுப்பது ஆணையத்தின் சட்டக் கடமை என்று நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.