விஆர் ஹெட்செட் வாங்கலாமா, இல்ல ஒரு மாசத்துல பரண்ல ஏறிடுமா?

பீளமேடு_பிரபு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப ஒரு சந்தேகம். என்கிட்ட பிஎஸ்5 கன்சோல் இருக்கு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் ஒண்ணு இருக்கு. டல்லாஸ்ல இருந்து மச்சான் லீவுக்கு வந்திருக்காரு, கூடவே க்வெஸ்ட் 3எஸ்னு ஒரு விஆர் ஹெட்செட் (தலையில மாட்டினா கேம் உலகத்துக்குள்ளயே நிக்கிற மாதிரி காட்டுற சாமான்) கொண்டு வந்திருக்காரு. பீட் சேபர்னு பாட்டுக்கு ஏத்த மாதிரி கைய வீசி ஆடுற கேம் போட்டு குடுத்தாரு பாருங்க, ரெண்டு பாட்டு ஆடுறதுக்குள்ள சட்டை முழுக்க நனைஞ்சு போச்சு, ஆனா கழட்ட மனசே வரல. அதுல இருந்து கை அரிச்சிட்டே இருக்கு.

பிரச்சனை என்னன்னா ஆபீஸ்ல ஒருத்தர் க்வெஸ்ட் 2 ஆசை ஆசையா வாங்கினவரு இப்ப அது எங்க இருக்குன்னே தெரியாதுங்கறாரு. யூட்யூப்ல பாத்தா ஒவ்வொரு வருஷமும் "இதுதான் விஆர் வருஷம்"னு சொல்றாங்க, ஆனா எனக்குத் தெரிஞ்ச வட்டத்துல கன்சோல் வெச்சிருக்கறவங்க இருபது பேர் இருந்தா ஹெட்செட் வெச்சிருக்கறவரு அந்த ஒருத்தருதான். இவ்வளவு நல்லா இருக்கற ஒரு சாமான் ஏன் எல்லார் வீட்டுக்கும் வரல? விலையா, கேம் இல்லையா, இல்ல வேற ஏதாவதா? வாங்கினா க்வெஸ்ட் 3எஸ்ஸா, க்வெஸ்ட் 3யா, பிஎஸ்5ல மாட்டுற சோனியோட பிஎஸ்விஆர்2வா? வீட்டுக்காரம்மா "அத மாட்டிக்கிட்டு செவத்தோட சண்டை போடப் போறீங்களா"ன்னு கேட்டாச்சு, அதுக்கும் ஒரு பதில் வேணும்.

பழைய_டெக்_பைத்தியம்:
பிரபு ப்ரோ, "ஏன் வரல"ங்கறதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும். 2012ல ஆக்குலஸ்ங்கற விஆர் கம்பெனி கிக்ஸ்டார்ட்டர் சைட்ல ஜனங்ககிட்ட கிட்டத்தட்ட 24 லட்சம் டாலர் வசூல் பண்ணப்ப எல்லாரும் அடுத்த ரெண்டு வருஷத்துல டிவியே போயிரும்னு பேசினாங்க, 2014ல ஃபேஸ்புக் 200 கோடி டாலர் குடுத்து அந்த கம்பெனியையே வாங்குச்சு, சரி 2016ல பொருள் கடைக்கு வந்தப்ப விலை என்ன தெரியுமா, ஆக்குலஸோட ரிஃப்ட் 599 டாலர், எச்டிசியோட வைவ் 799 டாலர், அதுக்கு மேல அத ஓட்டுற அளவுக்கு ஒரு கேமிங் பிசி, செவத்துல சென்சார், தரையெல்லாம் ஒயர். ரிஃப்ட்டோட கை கன்ட்ரோலர் அந்த வருஷ டிசம்பர்லதான் வந்துச்சு, அதுக்குத் தனிக்காசு. யாரு வாங்குவா?

இதுல இன்னொரு கூத்து, நம்ம ஊர்ல முக்காவாசி பேருக்கு "விஆர்"னா போனை ஒரு அட்டைப் பெட்டிக்குள்ள சொருகி பாக்குறதுதான். கூகுள் கார்ட்போர்டு 2014ல வந்துச்சு, நம்மாளுங்க 2023லயும் ஐபிஎல் பாக்க 1,299 ரூபாய்க்கு ஜியோடைவ் விட்டாங்க. அதுங்க தலைய எந்தப் பக்கம் திருப்புறோம்னு மட்டும்தான் கண்டுபிடிக்கும். நாம முன்னாடி குனிஞ்சா அந்த உலகமும் நம்ம கூடவே குனியும், வயித்தப் பொரட்டும். அத ஒரு தடவை மாட்டிப் பாத்துட்டு "விஆர்தானே, பாத்தாச்சு"ன்னு முடிவு பண்ணவங்க எக்கச்சக்கம், அவங்கள திரும்ப ஷோரூம் பக்கம் கூட்டிட்டு வரவே முடியல. நல்ல ஹெட்செட் வர்றதுக்கு முன்னாடியே அதோட பேரு கெட்டுப் போச்சுன்னுதான் நான் சொல்லுவேன்.

நிஜமா ஜனங்க வாங்க ஆரம்பிச்சது க்வெஸ்ட் 2லதான். 2020 அக்டோபர், 299 டாலர், பிசி வேணாம், ஒயர் வேணாம், ஊரே லாக்டவுன்ல வீட்டுக்குள்ள. க்வெஸ்ட் செய்யற மெட்டா (அதான் பழைய ஃபேஸ்புக் கம்பெனி) எத்தனை வித்துச்சுன்னு வாயத் திறக்காது, ஆனா 2021ல முகத்துல படுற ஃபோம் சிலருக்கு அரிப்பு தருதுன்னு அமெரிக்காவுல ரீகால் அறிவிச்சப்ப அந்த நோட்டீஸ்ல கிட்டத்தட்ட 40 லட்சம்னு போட்டிருந்துச்சு. எண்ணிக்கை அப்படித்தான் வெளிய வந்துச்சு! அப்புறம் 2022 ஆகஸ்ட்ல விலைய 100 டாலர் ஏத்தினாங்க. பொதுவா கன்சோல்னா வருஷம் போகப் போக விலை இறங்கும், இங்க அப்படியே உல்டா. விஆர் பாக்கற மெட்டாவோட டிவிஷன் 2024ல மட்டும் 1,700 கோடி டாலருக்கு மேல நஷ்டம் காட்டியிருக்கு, அந்தப் பணத்துல என்னென்ன பண்ணலாம்... சரி அது நமக்கெதுக்கு.

ஹாஃப்லைஃப்_வெறியன்:
விலை, ஒயர் எல்லாம் பழைய கதை தலைவா. இப்ப பிரச்சனை கேம்தான். 2020 மார்ச்ல ஹாஃப் லைஃப் அலிக்ஸ்னு ஒரு பிசி விஆர் கேம் வந்துச்சு, பாட்டில எடுத்து ஆட்டினா உள்ள இருக்கற தண்ணி ஆடும், ஜன்னல் கண்ணாடில மார்க்கர்ல எழுதலாம், அலமாரில இருக்கற டப்பாவ கையால ஒதுக்கிட்டுத்தான் பின்னாடி இருக்கற புல்லட்ட எடுக்கணும். சரி இனிமே வரிசையா இந்த மாதிரி வரும்னு பாத்தா, இன்னிக்கும் யாராவது "விஆர்ல என்ன விளையாடலாம்"னு கேட்டா நாம சொல்ற முதல் பேரு அதேதான். கேவலமா இல்ல?

ஏன்னா கணக்கு உதைக்குது. பிசி கேம் விக்கற ஸ்டீம் கடையோட சர்வேல ஹெட்செட் வெச்சிருக்கறவங்க சுமார் 2 சதவீதம்தான், பல வருஷமா அங்கயேதான் நிக்குது. 100 பேர்ல 2 பேருக்காக எவன் பெரிய பட்ஜெட் கேம் பண்ணுவான்? கேம் இல்லன்னு ஆள் வாங்க மாட்டான், ஆள் இல்லன்னு கம்பெனி பண்ண மாட்டான். சோனிய எடுத்துக்க, முதல் பிஎஸ்விஆர் 50 லட்சம் வித்துச்சு. பிஎஸ்விஆர்2 2023 பிப்ரவரில 549 டாலருக்கு விட்டாங்க, அப்ப டிஜிட்டல் பிஎஸ்5 விலையே 399தான்! கன்சோல விட அதுல மாட்டுற சாமான் விலை அதிகம். அதுலயும் பழைய பிஎஸ்விஆர் கேம் எதுவும் அப்படியே இதுல ஓடாது. 2025 மார்ச்ல ஒரு வழியா 399க்கு இறக்கினாங்க. அதுக்குள்ள விஆர்ல அனுபவம் இருந்த தங்களோட லண்டன் ஸ்டுடியோவையே மூடிட்டாங்க. மெட்டாவும் தன்னோட ரெடி அட் டான்ங்கற ஸ்டுடியோவ மூடுச்சு, அதே 2024லதான்.

மால்_விஆர்_அண்ணா:
நான் சென்னைல ஒரு மால்ல விஆர் பூத் நடத்தினவன், அதனால கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன். கேம் இல்லங்கறது ஏற்கனவே கேம் ஆடுறவங்க கவலை. சாதா ஜனம் அதுக்கு முன்னாடியே கழண்டுக்கும்.

வர்றவங்க எல்லாரும் கேக்குறது ரோலர் கோஸ்டர். அதுதான் புதுசா போடுறவங்களுக்குக் குடுக்கவே கூடாத ஐட்டம், ஆனா காசு குடுக்கறவங்க கேக்குறாங்களேன்னு குடுத்துத்தான் ஆகணும். கண்ணு "கீழ பாயுறோம்"னு சொல்லுது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் சமாச்சாரம் "அட சும்மா நிக்கிறோம்பா"ன்னு சொல்லுது, ரெண்டும் ஒத்துப் போகாம தலை சுத்தி குமட்டும். பிரபு தம்பிக்கு பீட் சேபர்ல ஒண்ணும் ஆகலல்ல, காரணம் அதுல நாம நிக்கிற இடத்துலயே நிக்கிறோம், கண்ணும் காதும் ஒரே கதைய சொல்லுது. கன்ட்ரோலர் ஸ்டிக்க தள்ளி நடக்குற கேம் போட்டா அப்பதான் உங்க ஒடம்பு எந்த ரகம்னு தெரியும். குமட்டல் லேசா ஆரம்பிச்ச உடனே கழட்டிரணும், "பழகிரும்"னு பல்லக் கடிச்சிட்டு ஆடினா அன்னைக்கு முழுக்க சாப்பிட முடியாது. எதிர்ல ஒரு டேபிள் ஃபேன் போட்டு வைங்க, காத்து ஒரே பக்கம் இருந்து அடிச்சா ஒடம்புக்கு திசை புரியும், நல்லா வேலை செய்யும்.

அப்புறம் இந்த சாமானை டிசைன் பண்ணவங்க நம்ம ஜனத்த நினைச்சே பாக்கல. கொண்டை போட்டு பூ வெச்சுட்டு வர்ற அம்மாங்களுக்கு பின் ஸ்ட்ராப் எங்க உக்காரும் சொல்லுங்க? கொண்டைக்கு மேல போட்டா வழுக்கி மூக்குல விழும், கீழ போட்டா நெத்தி வலிக்கும். கண்ணாடி போட்டவங்க லென்ஸோட லென்ஸ் உரசி ரெண்டும் கீறும். மே மாசத்துல நாலு பேர் போட்ட ஃபோம அஞ்சாவது ஆளுக்கு குடுக்க எனக்கே கூசும், அப்புறம்தான் சிலிக்கான் கவர் போட்டு ஒவ்வொரு தடவையும் தொடச்சு குடுத்தேன். ஆனா ஒண்ணு, கடலுக்கடியில திமிங்கலம் வர்ற டெமோவ வயசான ஒரு ஆத்தாவுக்கு போட்டு விட்டேன், ரெண்டு கையையும் நீட்டி "வா சாமி வா சாமி"ன்னு கூப்பிட்டாங்க. பேரன் கழட்டச் சொல்லியும் கழட்டல. அந்த மாதிரி ஆச்சரியப்பட்டவங்க நெறைய, அடுத்த வாரம் திரும்பி வந்தவங்க ரொம்பக் கம்மி.

ஹாஃப்லைஃப்_வெறியன்:
அண்ணா அதேதானே நானும் சொல்றேன், திரும்பி வர்றதுக்கு உள்ள ஏதாவது இருக்கணும்ல.

மால்_விஆர்_அண்ணா:
இருந்தாலும் வரமாட்டாங்க தம்பி. ஆபீஸ் முடிஞ்சு வந்து சோஃபால சாஞ்சுக்கிட்டு கன்ட்ரோலர் பட்டன அமுக்குனா கேம் ஆரம்பிச்சிரும். இதுக்கு டீப்பாய நகத்தணும், சார்ஜ் இருக்கான்னு பாக்கணும் (ஃபுல் சார்ஜே ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான்), ஆடுற இடத்தச் சுத்தி பவுண்டரி கோடு வரையணும், அரை கிலோ எடைய மூஞ்சில கட்டணும், எந்திரிச்சு நிக்கணும். வீட்ல வாங்கிப் போட்ட ட்ரெட்மில் மேல துணி காயுற கதைதான். அது கெட்ட சாமான்னு அர்த்தமா?

ஸ்கார்பரோ_அப்பா:
நான் கனடாவில இருக்கிறன். எங்கட வீட்டில க்வெஸ்ட் தூசி பிடிக்கேல்ல, ஏனெண்டா அது என்ர கையில இல்லை, மகன்ர கையில இருக்கு. நீங்கள் எல்லாரும் அலிக்ஸ் எண்டு கதைக்கிறியள், பெடியளுக்கு அது என்னெண்டே தெரியாது. அவங்கள் விளையாடுறது கொரில்லா டேக். கால் இல்லாத ஒரு குரங்கு, கையால நிலத்தைத் தள்ளித் தள்ளி ஓடுறது, மற்றவனைத் தொடுறது, அவ்வளவுதான் கேம். இலவசம். அதைச் செய்த கம்பெனி 10 கோடி டாலருக்கு மேல உழைச்சதெண்டு 2024இல அறிவிச்சவை. பள்ளிக்கூடம் முடிய நாலு பெடியள் அதுக்குள்ள சந்திச்சு ஒரே கூச்சல், நாங்கள் சின்னனில ஒழுங்கையில ஒளிச்சுப் பிடிச்சு விளையாடினது போலத்தான் கேக்குது.

ஆனபடியா "ஒருத்தரும் வாங்கேல்ல" எண்டு சொல்லேலாது, வாங்கினது யார் எண்டதுதான் கதை. பெரியாக்களுக்கெண்டு விலை கூடின கேம் செய்யிற ஆக்கள் நட்டப்பட, பெடியளுக்கு இலவசக் கேம் செய்யிற ஆக்கள் உழைக்கினம். ஒண்டு சொல்லுறன், 10 வயசில இருந்து 12 வரைக்கும் தாய் தேப்பன் கட்டுப்பாட்டில இருக்கிற கணக்குத்தான் திறக்கலாம், 10க்குக் கீழ குடுக்கவே வேண்டாம். மைக்கில முன்பின் தெரியாத ஆக்களும் கதைப்பினம், அதால அவன் என்ன பாக்கிறான் எண்டதை டிவியில விட்டுத்தான் விளையாட விடுறனான்.

பழைய_டெக்_பைத்தியம்:
சூப்பர் பாயிண்ட் அண்ணே. இங்க அந்தக் கூட்டம் உருவாகாததுக்கு ஒரு காரணம் இருக்கு, க்வெஸ்ட்ட மெட்டா இந்தியாவுல நேரடியா விக்கல. ஆன்லைன்ல கெடைக்கறதெல்லாம் இறக்குமதி பண்ணி விக்கறவங்க வெக்கிற விலை, வாரண்ட்டின்னு அவங்க சொல்றது அவங்க கடை வாரண்ட்டி. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் கன்ட்ரோலர் ரிப்பேருக்கு அந்த மாதிரி ஒருத்தர்கிட்ட அலைஞ்சு அலைஞ்சு கடைசில அவரு போன் எடுக்கறதையே நிறுத்திட்டாரு. அதனால பிரபு, வாங்கறதுன்னா மச்சான் மூலமா அமெரிக்காவுல இருந்தே வாங்கிக்கோங்க, ரிப்பேர்னா அவரே அங்க குடுத்து வாங்கலாம்.

3ஆ 3எஸ்ஸானு கேட்டீங்க. சிப் ரெண்டுலயும் ஒண்ணுதான், கேமும் அதே கேம்தான். வித்தியாசம் லென்ஸ்லயும் ஸ்க்ரீன்லயும். 3எஸ்ல இருக்கறது க்வெஸ்ட் 2ல இருந்த அதே பழைய ரக லென்ஸ், நடுவுல மட்டும் தெளிவா இருக்கும், ஓரம் மங்கும். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரத்துக்கு 3எஸ்ல 58, 63, 68 மில்லிமீட்டர்னு மூணே செட்டிங், 3ல வீல திருகி சரியா வெச்சுக்கலாம். மச்சான் ஹெட்செட்ல எழுத்து கூர்மையா தெரிஞ்சுச்சுன்னா 3எஸ்ஸே போதும், 3க்கு அதிகக் காசு குடுக்கத் தேவையில்ல.

வீட்டம்மாவுக்கு பதில்: சைடுல ரெண்டு தட்டு தட்டினா வெளிய இருக்கறது தெரியும், அவங்க கூப்பிட்டா திரும்பிப் பாக்கலாம். செவத்த விட பெரிய எதிரி சீலிங் ஃபேன்ங்க. பீட் சேபர் ஆடுறப்ப கை மேல போகும், பவுண்டரி தரையிலதான் வரையும், மேல ஃபேன் இருக்குன்னு அதுக்குத் தெரியாது. இன்னொண்ணு, ஆடி முடிச்சு ஜன்னலோரம் மட்டும் வெச்சிராதீங்க. லென்ஸ் வழியா வெயில் உள்ள விழுந்தா ஸ்க்ரீன் பொசுங்கிரும், அழியாத புள்ளி விழுந்திரும்.

பீளமேடு_பிரபு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல. அப்ப பிஎஸ்விஆர்2 எனக்கு ஆகுமா ஆகாதான்னு யாரும் சொல்லலயே, ஏற்கனவே பிஎஸ்5 இருக்கறதால அதுதான் லாபமோன்னு ஒரு நினைப்பு. அதையே லேப்டாப்லயும் மாட்டி அலிக்ஸ் ஆடலாம்னு படிச்சேன்.

ஹாஃப்லைஃப்_வெறியன்:
ஆடலாம், 2024 ஆகஸ்ட்ல இருந்து 60 டாலருக்கு பிசி அடாப்டர் விக்கிறாங்க. ஆனா அதுக்கு லேப்டாப்ல டிஸ்ப்ளேபோர்ட்ங்கற வீடியோ சாக்கெட் வேணும், எச்டிஎம்ஐ ஆகாது. நெறைய கேமிங் லேப்டாப்ல எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கும், வாங்கறதுக்கு முன்னாடி சைடுல பாத்துக்க. பிசில மாட்டினா கண் அசைவு பாக்குறது, எச்டிஆர், ஹெட்செட் அதிர்றது எதுவும் வேலை செய்யாது. அலிக்ஸ்தான் வேணும்னா க்வெஸ்ட்டும் லேப்டாப்பும் ஸ்டீம் லிங்க் ஆப் வழியா வைஃபைலயே பேசும், லேப்டாப்ப ரவுட்டரோட கேபிள்ல மாட்டு, ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸா இருக்கணும், அதே ரூம்ல இருக்கணும், போதும்.

பிஎஸ்விஆர்2 ஸ்க்ரீன் ஓஎல்இடி, இருட்டு சீன்லாம் க்வெஸ்ட் பக்கத்துலயே வர முடியாது. அத வாங்கினா ஒரே ஒரு கேமுக்காக வாங்கலாம், ஜிடி7 (கிரான் டூரிஸ்மோ 7, கார் ரேஸ் கேம்). உக்காந்து ஆடுறது, டீப்பாய நகத்த வேணாம், மால் அண்ணா சொன்ன எந்த சோம்பேறித்தனமும் குறுக்க வராது.

பீளமேடு_பிரபு:
இப்பதான் லேப்டாப்ப திருப்பிப் பாத்தேன், எச்டிஎம்ஐ மட்டும்தாங்க. மச்சான் ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள ஸ்டிக்ல நடக்கற கேம் ஏதாவது போட்டு ஒடம்பு தாங்குதான்னு பாத்துட்டு வந்து சொல்றேன். ஜிடி7 ஏற்கனவே டிஸ்க் இருக்கு.

ஹாஃப்லைஃப்_வெறியன்:
ஸ்டியரிங் வீல் இருக்கா?