தனுஷ்கோடிப் பெரியவர்களிடம் புயலைத் தவிர வேறு என்ன கேட்பது?

அக்கரைப்பேரன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாச்சிக்கு 81 வயது. தனுஷ்கோடியில் பிறந்து வளர்ந்தவர். 1964 டிசம்பர் புயலில் வீடு போய், ராமேஸ்வரத்தில் வந்து ஒதுங்கி, இன்று வரைக்கும் அங்கேயே இருக்கிறார். நான் வேலை பார்ப்பது சென்னையில், மாதம் ஒருமுறை ஊருக்குப் போவேன். போன மாதம் அம்மாச்சி தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். அவரும் தனுஷ்கோடிக்காரர்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வயது கேட்டார்கள். மூன்று மகன்களும் மூன்று வயது சொன்னார்கள், கடைசியில் அச்சகத்துப் பையனே நடுவில் ஒன்றைப் போட்டு அடித்துக்கொடுத்தான். ஒரு மனுஷன் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறார், அவர் எந்த வருஷம் பிறந்தார், என்ன தொழில் எல்லாம் பார்த்தார், யாரோடு சேர்ந்து கடலுக்குப் போனார் என்று சொல்ல ஒருத்தருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, இருக்கிறவர்களிடமாவது பேசிப் பதிவு செய்துவைப்போம் என்று அம்மாச்சியிடம் போனை வைத்து நாற்பது நிமிடம் பேசவைத்தேன். திரும்பக் கேட்டால் முழுக்கப் புயல்தான். காற்று அடித்தது, கடல் ஏறி வந்தது, ரயில் போனது, கோயிலில் ஒதுங்கினோம். வரிசை மாறாமல், நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, பாட்டு மாதிரி சொல்கிறார். டிவிக்காரர்களிடமும் இதையேதான் சொன்னார் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. மற்ற இரண்டு பெரியவர்களிடம் கேட்டாலும் அதே கதை. புயலுக்கு முன்னால் இருபது வருஷம், பின்னால் அறுபது வருஷம் இருக்கிறதே என்றால், “அதுல என்னப்பா இருக்கு, கடலுக்குப் போனோம், வந்தோம்” என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்த மாதிரி யாராவது செய்திருக்கிறீர்களா? என்ன கேட்டால் வாய் திறப்பார்கள்?

வத்தைக்காரன்

நான் பாக் நீரிணைப் பக்கத்து ஊர்க்காரன். என் ஐயாவையும் அவர் கூட்டாளிகள் நாலு பேரையும் மூன்று வருஷமாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் செய்த அதே தப்பை நானும் செய்தேன். “உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க” என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? என்னிடம் கேட்டால் நானும் கடலுக்குப் போனோம் வந்தோம் என்றுதான் சொல்வேன்.

வாழ்க்கையை விட்டுவிட்டுப் பொருளைக் கேளுங்கள். என் ஐயா வாய் திறந்தது வலையில்தான். நைலான் வருவதற்கு முன்னால் பருத்தி நூல் வலை. ஈரத்தோடு விட்டால் மட்கிவிடும், அதனால் தினம் கரையில் விரித்துக் காயவைக்க வேண்டும், மரப்பட்டைச் சாயத்தில் ஊறப்போட வேண்டும். சாயம் காய்ச்சுகிற நாளில் ஊரே ஒரு வாடை அடிக்கும் என்று ஆரம்பித்தவர், அந்த அடுப்புக்கு விறகு எங்கிருந்து வந்தது, யார் கடன் கொடுத்தது, அந்தக் கடனுக்காக எத்தனை வருஷம் அவருக்கே மீன் போட வேண்டியிருந்தது, கடைசியில் அவர் மகளையே இவர் எப்படிக் கட்டினார் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். என் அப்பத்தா கல்யாணக் கதை சாயப்பானையிலிருந்து கிளம்பும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

அப்புறம் காற்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது எல்லோருக்கும் தெரியும், திசையும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். “வாடை கிளம்பினா வீட்டில் என்ன செய்வீங்க” என்று கேளுங்கள். தொழில் இல்லாத மாதங்களில் எதைத் தின்றார்கள், எதை அடகு வைத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில்தான் வரும். கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கிற கரைவலையை இழுத்தவர் யாராவது இருந்தால், மீன் சேரும் மடி கரைக்கு வந்ததும் பங்கு எப்படிப் பிரிப்பார்கள் என்று கேளுங்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுத்தவனுக்கு எவ்வளவு, கயிற்றைப் பிடித்த சின்னப்பையனுக்கு என்ன. அறுபது வருஷம் ஆகியும் அந்தக் கணக்கில் யார் ஏமாற்றினார்கள் என்பதை மறக்கவே மாட்டார்கள். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு மட்டும் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் வராது. கையில் ஒரு கயிற்றைக் கொடுத்துவிட வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நாங்கள் கொடிக்கயிற்றைக் கொடுத்தோம், வந்தது.

தனுஷ்கோடி என்றால் தண்ணீரைக் கேட்க மறக்காதீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், அதில் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர். மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசானது, மணலுக்குள் அதன் மேலேயே நிற்கும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். எவ்வளவு தோண்டலாம், யார் ஊற்று யாருக்கு என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும்.

கரையோரம்77

நான் எதிர்ப்பாட்டு பாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களை விட்டுவிடக் கூடாதா? ஒவ்வொரு டிசம்பரும் யாராவது கேமராவோடு வருகிறார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதிலிருந்து தினமும் வண்டி வண்டியாக வந்து இடிந்த சர்ச்சின் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள், அங்கே சங்கும் சிப்பியும் விற்கிற கிழவியிடம் “நீங்க புயலப் பாத்தீங்களா” என்று கேட்டுவிட்டு ஒரு பாசிமணிகூட வாங்காமல் போகிறார்கள். என் பெரியம்மா அந்த ராத்திரியில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். பாட்டு மாதிரி சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னால்தான் அழாமல் சொல்ல முடியும் தம்பி.

அக்கரைப்பேரன்

அண்ணா, மன்னிக்கவும். குறையாகச் சொல்லவில்லை, ஆனால் படித்தால் அப்படித்தான் இருக்கிறது, எனக்கே தெரிகிறது. புயலைப் பற்றி நானாக இனிமேல் கேட்க மாட்டேன். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

பாசிக்காரி_மகள்

ஒன்று சொல்லட்டுமா? மேலே எழுதியவர் தண்ணீரில்தான் பெண்களைத் தொட்டார், மற்றபடி வலை, காற்று, பங்கு என்று எல்லாம் ஆம்பிளைக் கேள்வி. உங்கள் அம்மாச்சியிடம் போய் கரைவலையைக் கேட்டால் “உங்க தாத்தாவக் கேளு” என்பார், தாத்தா இல்லை, அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

நான் பாம்பன். எங்கள் அம்மா முப்பது வருஷத்துக்கும் மேல் தீவுப்பக்கம் கடல்பாசி எடுத்தவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக் கொண்டுவருவார். கஞ்சிப்பாசி ஒரு விலை, கட்டக்கோரை ஒரு விலை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதன் கெடுபிடி இறுக இறுக, அவர் சிறுவயதிலிருந்து போன இடத்துக்கே திருட்டுத்தனமாகப் போவது போல ஆகிவிட்டது. எங்கள் பக்கத்துச் சின்னப்பாலத்து லட்சுமி அக்கா இந்தப் பெண்களைத் திரட்டியதற்காக 2015-இல் சீக்காலஜி என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் விருதை வாங்கினார், பேப்பரில் எல்லாம் வந்தது. ஆனால் எங்கள் அம்மாவின் வேலையைப் பற்றி வீட்டில் யாரும் அதுவரைக்கும் கேட்டதே இல்லை, நான் உட்பட. “அம்மா கடலுக்குப் போயிருக்கு” என்பதோடு சரி.

அவர் பேசியது எப்போது தெரியுமா? நான் மூட்டுவலித் தைலம் தேய்த்துவிடும்போது. “இந்த முட்டியில என்ன தழும்பு” என்றேன். பாறை கிழித்தது என்றார். எந்தப் பாறை என்றேன். ஒவ்வொரு தழும்பாகத் தீவு தீவாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதனால் எதிரில் உட்கார்ந்து போனை நீட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். மீன் ஆயும்போது, கருவாடு புரட்டும்போது, வெற்றிலை இடிக்கும்போது. கை வேலையில் இருந்தால் வாய் தானாக வரும். அப்புறம் புகுந்த வீடு, பிரசவம், யார் மருத்துவச்சி, கடலுக்குப் போனவர் திரும்பாத ராத்திரியில் என்ன செய்வீர்கள், இதையெல்லாம் ஆண்கள் இருக்கும்போது கேட்காதீர்கள். நீங்களே ஆண்பிள்ளை என்பதால் உங்கள் அக்காவோ அம்மாவோ கூட இருந்தால் நல்லது.

பழைய_கார்டு

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். வருஷக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரியவர்களிடம் “எந்த வருஷம்” என்று கேட்டால் வாயில் வந்ததைச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக “எதுக்கு முன்னாடி, எதுக்குப் பின்னாடி” என்று கேளுங்கள். ராமேஸ்வரம் பக்கத்துக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: புயல் 1964 டிசம்பர் 22 ராத்திரி. அண்ணா இறந்தது 1969. கச்சத்தீவு ஒப்பந்தம் 1974. அக்கரை இலங்கையிலிருந்து அகதிகள் வரத் தொடங்கியது 1983. பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்தது 1988, அதற்கு முன்னால் ரயிலை விட்டால் படகுதான். மீன்பிடித் தடைக்காலம் வந்தது 2001, சுனாமி 2004, மீட்டர் கேஜ் ரயில்பாதை அகலப்பாதை ஆனது 2007. “உங்க மூத்த பையன் பாலம் தொறந்தப்ப என்ன படிச்சான்” என்று கேட்டால் பிறந்த வருஷம் கைக்கு வந்துவிடும். அந்த போஸ்டர் பெரியவரின் வயதைக்கூட இப்படியே பிடித்திருக்கலாம்.

இன்னொன்று, தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்தாதீர்கள். புயலன்று கடலோடு போன பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர், எண் 653, அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துக் கணக்கு வரும். டிக்கெட் எடுத்தவர்களைத்தானே காகிதம் எண்ணும். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள், காகிதத்தில் இருப்பதைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், இன்ஜினியர் ஸ்ரீதரனுக்குப் பெயர் வந்தது, எல்லாம் உண்மை, நாங்கள் பெருமையாகச் சொல்வோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஊரைத் திரும்பக் கட்டவில்லை, குடியிருக்க லாயக்கில்லை என்று அறிவித்துவிட்டார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. ராமேஸ்வரத்தில் ஒதுங்கியவர்கள் முதல் ஒரு வருஷம் எப்படிப் பிழைத்தார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைக் கேளுங்கள்.

முடிந்தால் கப்பலையும். போட் மெயில் ரயிலில் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து இறங்கி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவார்கள். இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

சவுண்டுபார்ட்டி

ஒரு சின்ன விஷயம். கடற்கரையில் பதிவு செய்தால் காற்றுதான் பேசும், பாட்டி பேசுவது கேட்காது. காற்று அடிக்காத பக்கத்துச் சுவர் ஓரமாக உட்காருங்கள். போன் மைக்கின் மேல் மெல்லிய துணி ஒரு சுற்று. மின்விசிறியை நிறுத்துங்கள். ஆரம்பத்திலேயே தேதி, இடம், யார் பேசுகிறார் என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. அன்றைக்கு ராத்திரியே இன்னொரு இடத்தில் ஒரு நகல். என் போன் தண்ணீரில் விழுந்து எங்கள் தாத்தா குரல் மொத்தமும் போனது, அதனால்தான் சொல்கிறேன்.

அக்கரைப்பேரன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

போன சனிக்கிழமை அம்மாச்சி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன், என் அக்காவும் கூட. ஊற்றைக் கேட்டேன். “அத ஏன் கேக்குற” என்றார், சொல்லிவிட்டு நிறுத்தவே இல்லை. விடிவெள்ளி முளைக்கும்போதே போய் அகப்பையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டுமாம், ரெண்டு குடத்துக்கு மேல் எடுத்தால் கரிக்க ஆரம்பிக்குமாம், அதற்குள் அடுத்தவள் வந்து சண்டைக்கு நிற்பாளாம். இர்வின் என்றேன். அந்தக் கப்பலிலிருந்து இறங்கிய ஒரு அம்மா கொடுத்த சோப்புக்கட்டியைக் கரையவிடாமல் ஒரு வருஷம் துணியில் முடிந்து வைத்திருந்து வாசனை மட்டும் பார்த்ததாகச் சொன்னார். எங்கள் அம்மாவுக்கே இது புதுச்செய்தி.

ஒதுங்கி வந்த முதல் வருஷத்தைப் பற்றிக் கேட்டேன். சத்திரத்துத் திண்ணையில் கிடந்தது, யாரோ கொடுத்த ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கருவாட்டு வேலைக்குப் போனது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். நான் போனை அணைத்துவிட்டேன். கரையோரம் அண்ணாவுக்காக இதைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தோழி ஒருவர் வந்தார், அவரும் அந்த ஊர்தான். இரண்டு பேரையும் வைத்துத் தரையில் புளியங்கொட்டையை வீடாக வைத்து ஊரை அடுக்கச் சொன்னேன். ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சர்ச் வரைக்கும் ஒற்றுமையாக வந்தது. அப்புறம் போஸ்ட் ஆபீஸை ஒட்டியிருந்த வீடு யாருடையது என்பதில் பிடித்துக்கொண்டது சண்டை. எழுபது வருஷத்துக்கு முன்னால் ஓலை வேலியை யார் தள்ளிப் போட்டார்கள் என்பது வரைக்கும் போய், அந்தப் பாட்டி கொட்டையை எல்லாம் கலைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கேட்டேன். வேறு மாதிரி அடுக்கிக் காட்டினார். இரண்டையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டிலும் போஸ்ட் ஆபீஸுக்குப் பக்கத்து வீடு அவரவர் வீடு.

அந்தத் தெருவில் இன்னும் ஒரு தாத்தா இருக்கிறாராம், காது கேட்காதாம். அடுத்த மாதம் கொட்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன்.